ஒரே வயிற்றுப் பிள்ளைகள், வேறு வேறு இரத்தம்

சென்ற மாதம் ஒரு கடிதத்தில் கையொப்பம் வாங்குவதற்காக என் பழைய ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தேன். போனவளைப் பிடித்து உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். புது இயந்திரம் வந்திருக்கிறது. இரத்தக் குழாய் ஒவ்வொன்றிலும் கோடு கோடாக ஒரு சிட்டை ஒட்டுகிறார்கள். இயந்திரம் அதைத் தானே வாசித்துக்கொள்கிறது. "இனி ஆள் மாறுற கதையே இல்ல மிஸ்," என்றாள் நஸ்ரினா. என்னோடு பல வருடம் வேலை செய்தவள், இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழாய்க்குச் சிட்டை ஒட்டலாம், சரி. நீட்டிய கை யாருடையது என்று இயந்திரத்துக்கு யார் சொல்வது? என் சிரிப்பைப் பார்த்தவள் விடவில்லை. "ஏதோ நடந்திருக்கு. எங்க ஆண்டு மலருக்கு எழுதித் தாங்க," என்றாள். எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்த வைத்தியசாலையில் நடந்தது என்று கேட்க வேண்டாம். மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே ஐந்து இடம் மாறியவள் நான்.

பிறந்து வளர்ந்தது மாத்தளை நகரத்தில். உயர்தரப் பரீட்சையில் மருத்துவப் பீடத்துக்குச் சில புள்ளிகள் போதவில்லை. கொழும்பில் ஆய்வுகூடத் தொழில் படித்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: விடுதிச் சாப்பாடு, பரீட்சை, மறுபடியும் பரீட்சை. எனக்குக் கை மட்டும் நன்றாக வாய்த்திருந்தது. மற்றவர்கள் மூன்று தரம் குத்தித் தேடும் நாளத்தை நான் ஒரே தரத்தில் பிடித்துவிடுவேன். அந்தத் திமிரோடுதான் முதல் நியமனத்துக்கு வந்தேன். அதில் பாதி இன்றும் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

அங்கே தலைமை அதிகாரி பண்டார சேர். ஒல்லியான, மெதுவாகப் பேசும் மனிதர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கையிலிருக்கும் பென்சிலை மேசையில் வைப்பார். அந்தச் சின்னச் சத்தத்துக்கு ஆய்வுகூடம் முழுவதும் வாயை மூடிக்கொள்ளும்.

இரத்தம் எடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வந்தவரை உட்கார வைத்துவிட்டுப் படிவத்தைக் கவிழ்த்து வைக்க வேண்டும். "உங்க பேர் என்ன?" என்று கேட்க வேண்டும், முழுப் பெயரையும் அவரே தன் வாயால் சொல்ல வேண்டும். அடையாள அட்டையை எடுத்து இலக்கத்தையும் அவரே வாசிக்க வேண்டும். பிறகுதான் படிவத்தைத் திருப்பி ஒப்பிடலாம். குழாயில் முன்கூட்டியே பெயர் எழுதி வைக்கக் கூடாது. இரத்தம் எடுத்த பிறகு, அவர் எழுந்து போவதற்கு முன்னால், அவர் கண்ணெதிரே எழுத வேண்டும். கடைசியாகப் பதிவேட்டில் அவருடைய கையொப்பம்.

முதல் வாரத்தில் ஒரு தோட்டத்துப் பெரியவர் வந்தார். நான் அவசரத்தில், "நீங்க கருப்பையாதானே?" என்று கேட்டேன். தலையாட்டினார். பென்சில் மேசையில் விழுந்தது. பண்டார சேர் எழுந்து வந்து, அந்தப் பெரியவருக்கு முன்னால் குனிந்து, "நீங்க பொடி மெனிக்கேதானே?" என்றார். பெரியவர் அதற்கும் தலையாட்டினார். சேர் என் பக்கம் திரும்பித் தனக்குத் தெரிந்த தமிழில், "பாருங்க மிஸ். ஆஸ்பத்திரிக்கு வந்தா எல்லாரும் தலை ஆட்டுறது. பேர் நீங்க சொல்ல வேணாம். அவங்க சொல்லணும்," என்றார். சிங்களக் கிழவியின் பெயருக்குத் தலையாட்டிய கருப்பையாவைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒரு மாதம் சிரித்தோம்.

சில வருடங்களில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான சோதனை வேலை என் பொறுப்புக்கு வந்தது. பல்லேகம பாடசாலைகள் வரைக்கும் போய்ப் பிள்ளைகளின் இரத்தம் எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் குலுங்கி, அன்றைக்கே கொண்டுவந்து சேர்ப்போம். கூடத்துக்குள் செய்யும் வேலையை விட, வெளியே ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம். நம் உடம்பில் ஒவ்வொரு சங்கதிக்கும் இரண்டு பரம்பரை அலகுகள் இருக்கின்றன. ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருளைச் செய்யும் அலகுகளில் ஒன்று கெட்டு மற்றது நன்றாக இருந்தால் ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. மலை ஏறுவார், கொழுந்து எடுப்பார், பேரப்பிள்ளை காண்பார். அவரைக் காவி என்போம். கெட்டது நல்லதுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதால்தான் பாடப்புத்தகம் அதைப் பின்னிடைவானது என்கிறது. இரண்டு காவிகள் கல்யாணம் செய்து, பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கெட்டதே போய்ச் சேர்ந்தால்தான் நோய். அந்தப் பிள்ளைக்கு மாதா மாதம் பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும், உயிரோடிருக்கும் வரை.

இப்படிச் சொன்னால் யாருக்கும் ஏறாது. அதனால் மேசை லாச்சியில் இரண்டு தீப்பெட்டி வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு புதுக் குச்சி, ஒரு கருகிய குச்சி. ஒரு பெட்டி அப்பா, ஒரு பெட்டி அம்மா. பார்க்காமல் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குச்சி எடுக்க வேண்டும். இரண்டும் கருகியதாக வந்தால் அந்தப் பிள்ளைக்கு நோய்.

நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்று கூப்பிடுவோம், மூத்த பிள்ளைக்கு நோய் என்று தெரிந்த பிறகு வந்து உட்கார்ந்தார். "நாலுக்கு ஒண்டுன்னு சொன்னீங்க மிஸ். ஒண்டு வந்திட்டு. அப்ப இனி மூணு புள்ளைக்குப் பயமில்ல, அப்படித்தானே?" என்றார். யாவாரி கணக்கு. நான் பெட்டிகளை அவர் கையில் கொடுத்து, எடுத்த குச்சியை ஒவ்வொரு தரமும் திரும்பப் போட்டு, குலுக்கி எடுக்கச் சொன்னேன். அவருக்குத் தொடர்ந்து இரண்டு தரம் கருகிய ஜோடியே வந்தது. முகம் வெளுத்துவிட்டது. "குலுக்குறப்ப பெட்டிக்குப் பழசு ஞாபகம் இருக்காது நானா," என்றேன். அடுத்த வாரம் கல்யாணம் பேசியிருந்த தன் தங்கையையும் மாப்பிள்ளையையும் அவரே கூட்டிக்கொண்டு வந்தார். என் தீப்பெட்டிப் பாடத்தில் எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பாடமே ஒருத்தியின் வாழ்க்கையைக் கெடுக்கப் பார்க்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவள் பெயர் மேகலா என்று வைத்துக்கொள்வோம். இருபத்து நான்கு வயது. மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் செல்வகுமார், தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுபவன். அவன் அவளுக்குச் சொந்த அத்தை மகன். மாமியார் அன்னலெட்சுமி, மேகலாவின் காலஞ்சென்ற அப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கை. அண்ணன் மகளை ஆசைப்பட்டுக் கேட்டுக் கட்டி வைத்தவள். இவர்களுடைய குழந்தை தர்ஷிக்கு ஒரு வயது முடிவதற்குள் நோய் தெரிந்துவிட்டது. மேகலாவின் இரத்தத்தைப் பார்த்தோம், காவி. அவளுக்குத் தீப்பெட்டிப் பாடம் நடத்தி, புருஷனையும் அனுப்பச் சொன்னேன். கெட்டிக்காரி. அன்றைக்கே வீட்டுக்குப் போய்த் தன் அடுப்படியிலிருந்த குச்சிகளை வைத்துப் புருஷனுக்கும் மாமியாருக்கும் அதே பாடத்தை நடத்தியிருக்கிறாள்.

அடுத்த கிளினிக் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருவர் லீவு, வரிசை வாசல் தாண்டி நின்றது, பண்டார சேர் கண்டியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "செல்வகுமார்தானே?" என்றேன். முன்னால் இருந்த இளைஞன் தலையாட்டிக் கையை நீட்டினான். ஒரே குத்தில் எடுத்தேன். பதிவேட்டில் கையொப்பம் வைத்துவிட்டுப் போனான். மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது: காவி அல்ல. குழந்தைகள் வாட்டு டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே, செல்வகுமார் வீட்டிலிருந்து வந்து கவுண்டரில் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கடுத்த மாதம் மேகலா குழந்தையோடு தனியாக வந்தாள், நாலந்தாவிலிருந்து பஸ் ஏறி. அங்கே அவளுடைய அக்கா வீடு. குழந்தையின் இரத்தம் எடுக்கக் கூப்பிட்டபோது என் மேசைக்கு முன்னால் நின்று, "நீங்க சொல்லிக் குடுத்தத நான் வீட்டுல சரியாத்தான் சொன்னேனான்னு கேட்டுட்டுப் போறேன் மிஸ்," என்றாள். "ரெண்டு பேருகிட்டயும் கருகின குச்சி இருந்தாத்தானே பிள்ளைக்கு வரும்?"

"ஆமா."

"அவர்கிட்ட இல்லேன்னு உங்க தாள் சொல்லுது. அப்ப பிள்ளை யாருதுன்னு அத்தை கேட்டாங்க. அவரு சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு. லயம் பூரா சொல்லிட்டாங்க மிஸ். தண்ணி பீலியில, கோயில்ல, எல்லா எடத்துலயும். நான் வேற ஆம்பளைய ஏறிட்டும் பாத்ததில்ல."

அழவில்லை. குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். அவளை நான் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. எனக்கு வந்த சந்தேகம் என் மேல்தான்.

பண்டார சேரிடம் போய்ச் சொன்னேன். பென்சிலைக் கீழே வைப்பார் என்று எதிர்பார்த்தேன், வைக்கவில்லை. "அந்தப் பொம்பளைய சந்தேகப்பட முன்னுக்கு எங்களை சந்தேகப்படணும்," என்றார். "அன்னைக்கு பேர் யார் சொன்னது?"

"நான் சொன்னேன் சேர்."

சேர் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். அந்த நாளுக்குரிய பக்கத்தில் செல்வகுமார் என்ற கையொப்பம் சிங்கள எழுத்தில் இருந்தது. எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. சிங்கள மொழியில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அதனால் அன்று என் கண்ணில் அது உறுத்தவில்லை. பிறகு சேரும் நானும் வாட்டுக்குப் போய்க் குழந்தையின் கோப்பைப் புரட்டினோம். முதல் தடவை இரத்தம் ஏற்றுவதற்குத் தகப்பன் சம்மதம் தந்து வைத்த கையொப்பம் அதில் இருந்தது. முழுக்க முழுக்கத் தமிழ், கடைசி எழுத்தைச் சுழித்து இழுத்திருந்தான். சேர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது ரெண்டு கை மிஸ்," என்றார்.

வேலை போய்விடுமோ என்று பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அதைவிட, லயத்துப் பீலியடியில் மேகலாவைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு வார்த்தைக்கும் நான்தான் தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்ற நினைப்பு நெஞ்சை அறுத்தது. சேர் தவறுகளைப் பதியும் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். என் கையாலேயே எழுதச் சொன்னார். "குடும்பத்துக்கும் நீங்களே சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன்."

வாட்டு டாக்டர் தகப்பனையும் பாட்டியையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வந்தார்கள். மேகலாவும் வந்திருந்தாள். சின்ன அறை; சேர் சொன்னபடியே கதவோரம் நின்றார். உள்ளே வந்த செல்வகுமாரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நான் இந்த ஆளைக் கண்டதே இல்லை. படிவத்தைக் கவிழ்த்து வைத்து, "உங்க பேர் சொல்லுங்க," என்றேன். சொன்னான். "அன்னைக்கு இரத்தம் குடுத்தது யாரு?"

"தம்பி," என்றான், ஒளிக்காமல். "எனக்கு அன்னைக்கு தம்புள்ளைக்கு லோட் இருந்திச்சு மிஸ். விட்டா வேற ஆளைப் போட்டுருவாங்க. தம்பி சும்மாதான் இருந்தான், என் அடையாள அட்டையக் குடுத்து அனுப்பினேன். யாரு குடுத்தா என்ன, ஒரே வயித்துல பொறந்தவங்க, ரத்தம் ஒண்ணுதானே?"

அவனுடைய முகத்தைப் பார்த்தேன். ஏமாற்றியவனின் முகமில்லை அது. தம்பியை அனுப்பியது அவனுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. தம்பியின் இரத்தத்தைத் தன் இரத்தமாகவே நம்பி, அந்தத் தாள் சொன்னதையும் நம்பி, மனைவி தன்னை மோசம் செய்துவிட்டாள் என்று இரண்டு மாதமாக வெந்துகொண்டிருந்திருக்கிறான். எனக்கு அவன் மேல் ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

முதலில் என் தவறைச் சொன்னேன். கேட்க வேண்டிய முறையில் கேட்டிருந்தால் அந்தப் பையன் தன் பெயரைச் சொல்லியிருப்பான், அல்லது திணறியாவது இருப்பான். நான் பெயரைச் சொல்லி அவனைத் தலையாட்ட வைத்தேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன், மேகலாவைப் பார்த்து. பிறகு லாச்சியைத் திறந்தேன். "அம்மா அப்பா பெட்டிங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா நீங்க எடுத்த குச்சி வேற, தம்பி எடுத்த குச்சி வேற. அவருக்கு நல்லது கிடைச்சிருக்கு. உங்களுக்கு எது கிடைச்சதுன்னு உங்க கையில குத்தித்தான் பாக்கணும்."

அன்னலெட்சுமி அதுவரை சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்க பக்கம் இந்த மாதிரி வியாதி ஒண்ணும் இல்ல. எங்க ரத்தம் சுத்தம்," என்றாள்.

"உங்க பக்கம், மேகலா பக்கம்னு ரெண்டு இருக்கா அம்மா? அவ உங்க அண்ணன் மகதானே?" என்று கேட்டுக்கொண்டே ஒரு தாளை எடுத்துக் கோடு போடத் தொடங்கினேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். "நீங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?"

"அண்ணனும் நானும்." பிறகு, "ஒரு தங்கச்சி இருந்தா. சின்னதுலயே போயிட்டா," என்றாள்.

"என்ன வருத்தம், என்ன நோய்?"

"அப்ப யாருக்குத் தெரியும். வெளுத்து வெளுத்துப் போவா. வயிறு மட்டும் பெருசா இருக்கும். நடக்க மாட்டா, நான்தான் இடுப்புல தூக்கிட்டுத் திரிவேன். நாலு வயசுல..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். எதிரே மேகலாவின் இடுப்பிலிருந்த தர்ஷியைப் பார்த்தாள். குழந்தையின் வெளிறிய முகத்தையும் சட்டைக்குள் முன்தள்ளிய வயிற்றையும் அன்றைக்குத்தான் பார்ப்பவள் போல வெகுநேரம் பார்த்தாள். அந்தத் தாளில் அதற்கு மேல் நான் கோடு போட வேண்டியிருக்கவில்லை. அவளாகவே கையை நீட்டினாள்.

இருவரிடமும் இரத்தம் எடுத்தேன், சேரின் முறைப்படி, ஒரு எழுத்தும் பிசகாமல். அறிக்கை வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தது. செல்வகுமார் காவி, அன்னலெட்சுமியும் காவி. அன்னலெட்சுமியின் பெற்றோரிடமிருந்து அவளுடைய அண்ணனுக்கும் அவளுக்கும் ஆளுக்கொரு கருகிய குச்சி போயிருக்கிறது. அவர் மேகலாவுக்குக் கொடுத்தார், இவள் செல்வகுமாருக்குக் கொடுத்தாள், கல்யாணம் இரண்டையும் ஒரு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. காவி என்பது தகப்பன் என்பதற்கு அத்தாட்சி ஆகாது என்று இளையவர்கள் சொல்வீர்கள். சரிதான். ஆனால் மேகலாவைக் குற்றவாளி ஆக்கிய ஒரே சாட்சி அந்தப் பழைய தாள். அது அவனுடைய தாளே இல்லை என்றான பிறகு, அவளுக்கு எதிராகச் சொல்ல உலகத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

அறிக்கை கொடுத்த நாள் கிளினிக் நாள். மண்டபத்தின் நீள மர வாங்குகளில் தாய்மார் குழந்தைகளோடு நிறைந்து இருந்தார்கள். செல்வகுமார் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தலை நிமிராமல் நின்றான். அன்னலெட்சுமி மருமகளின் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"வாம்மா, வீட்டுக்குப் போவோம். எல்லாம் சரியாப்போச்சு," என்றாள்.

மேகலா எழவில்லை. "என்ன சரியாப்போச்சு அத்தை?"

"அதான், மிஸ் சொல்லிட்டாங்களே."

"மிஸ் உங்ககிட்ட சொன்னாங்க. நீங்க லயம் பூரா சொன்னீங்க. இந்த வாங்குல நம்ம தோட்டத்து ஆளுங்களே நாலு பேரு இருக்காங்க. அவங்களுக்கு யாரு சொல்லுறது?"

"வீட்டுல போயிப் பேசிக்கலாம் மேகலா," என்றான் செல்வகுமார்.

"நீங்க சும்மா இருங்க. உங்ககிட்ட அப்புறம் பேசுறேன்."

நான் கவுண்டருக்குப் பின்னால் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பண்டார சேரும் எழுந்து வந்துவிட்டார். அன்னலெட்சுமி பையைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "தர்ஷி என் மகன் பிள்ளைதான். இந்த வியாதி எங்க அம்மா அப்பா வீட்டுலேர்ந்து வந்திருக்கு. என் தங்கச்சியும் இதுலதான் போயிருக்கா. என் அண்ணன் மக மேல ஒரு தப்பும் இல்ல. நான் பேசினது பாவம்," என்றாள். கடைசி வார்த்தைகள் தொண்டைக்குள்ளேயே போய்விட்டன.

மேகலா கடைசி வரை கேட்டாள். பிறகு பின் வரிசைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"முன் வாங்குக்கு மட்டுந்தான் கேட்டிச்சு அத்தை. பின்னால உள்ளவங்களுக்கும் கேக்கிற மாதிரி இன்னொரு தடவ சொல்லுங்க."

அன்னலெட்சுமி பின் வாங்குகளுக்கு நேராகத் திரும்பி நின்று, முதலிலிருந்து சொன்னாள்.